அப்பாவின் பனியனில் ரத்தக்கறை: ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருமா?

ரெங்கத்துப் பொண்ணு | மார்ச் 3, இரவு 10.47

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க படிக்க மட்டும்தான் செஞ்சேன். இப்ப யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியாம எழுதறேன்.

எங்கப்பாவுக்கு 61 வயசு. மலேசியா, ஜொகூர்ல ரெங்கம் பக்கத்துத் தோட்டத்துல பொறந்து, முதல்ல ரப்பர் பால்வெட்டு, அப்புறம் செம்பனையில குலைவெட்டுன்னு முப்பத்தஞ்சு வருஷம் அங்கேயே கெடந்தவர். இப்ப டவுன்ல தாமான் வீட்டுல அம்மாவோட இருக்கார். எனக்கு ஜொகூர் பாருல வேலை. போன வாரம் வீட்டுக்குப் போனப்ப அம்மா என்னைத் துணி துவைக்கிற இடத்துக்குக் கூப்பிட்டு அப்பாவோட பனியன் ஒண்ணைக் காட்டினாங்க. இடது பக்கம், சரியா காம்பு வர்ற இடத்துல, அஞ்சு காசு அளவுக்குப் பழுப்புக் கறை. சோப்பு போட்டுத் தேய்ச்சும் போகல. ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்காம். கேட்டா முள்ளு கிழிச்சதுன்னு சொல்லிடுறாராம். வேலையை விட்டு நாலு வருஷமாச்சு, இப்ப ஏது முள்ளு?

நான் விடல. அழுது சண்டை போட்டப்புறம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடது காம்பு உள்ளே இழுத்துக்கிட்டு இருக்கு. அதுக்குப் பின்னால கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியா ஒண்ணு. தொட்டா வலி இல்லையாம். எட்டு மாசமா இருக்காம். ஆரம்பத்துல ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கார். கொழுப்புக்கட்டின்னு சொல்லி கிரீம் கொடுத்து அனுப்பிட்டாங்க. அதோட சரி.

ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, "அது பொம்பளைங்க வியாதிம்மா, அங்க போயி நான் எங்க உக்காருவேன்"னு கேக்கிறார். உண்மையிலேயே ஆம்பளைக்கு இது வருமா? நான் வீணா பயப்படுறேனா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | மார்ச் 3, இரவு 11.30

தங்கச்சி, வரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவரோ அதைவிடக் குறைவாகவோதான் ஆண். ஆனால் வரும். நான் அரசாங்க மருத்துவமனையில் 29 வருடம் வேலை பார்த்தவள், அதில் பத்து வருடத்துக்கு மேல் அறுவை சிகிச்சை வார்டு. இந்த நோயோடு வந்த ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர்கூட ஆரம்பத்திலேயே வந்தவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

ஆண், பெண் இருவருக்குமே காம்புக்குப் பின்னால் பால்குழாய்த் திசு கொஞ்சம் இருக்கிறது. பெண் வயதுக்கு வரும்போது அது வளரும், ஆணுக்கு வளராமல் அப்படியே கிடக்கும். அந்தக் குழாயின் உட்சுவரில்தான் இந்த நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. அதனால்தான் ஆண்களுக்குக் கட்டி காம்புக்கு நேர் பின்னால் வருகிறது. சதை குறைவாக இருப்பதால் கைக்குச் சீக்கிரம் தட்டுப்படும். அதே காரணத்தால் தோலையும் நெஞ்சுத் தசையையும் சீக்கிரம் எட்டிவிடும்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதான ஆண்களுக்கு மார்பு வீங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரல் கெட்டவர்களுக்கு வரும், நீர் இறங்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வரும். அந்த வீக்கம் பெரும்பாலும் ரப்பர் மாதிரி இருக்கும், தொட்டால் வலிக்கும், சில பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும், வலி இல்லை, கெட்டியாக இருக்கிறது, காம்பு உள்ளே போய்விட்டது, ரத்தம் வருகிறது. இதற்குக் கிரீம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. வலி இல்லையே என்று அப்பா நிம்மதியாக இருந்திருப்பார். இந்த நோயில் கட்டி வலிக்காமல் இருப்பதுதான் அதிகம்.

நாளைக்கே அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப் போங்கள். வெறும் கட்டி என்று சொல்லாதீர்கள். "காம்பிலிருந்து ரத்தம் வருகிறது, காம்பு உள்ளே இழுத்துவிட்டது, எட்டு மாதமாக இருக்கிறது" என்று அப்படியே சொல்லி, அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) கேளுங்கள். அங்கே கையால் பரிசோதிப்பார்கள், மார்பு எக்ஸ்ரேயான மாமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள், பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுப்பார்கள். அதுதான் பயாப்சி. ஆண்களுக்கும் மாமோகிராம் எடுக்க முடியும். பயாப்சி இல்லாமல் யார் எது சொன்னாலும் அது ஊகம்தான், அந்த கிளினிக் சொன்னதும் உட்பட.

இரண்டு கேள்வி, குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அப்பா தோட்டத்தில் சம்சு சாராயம் குடித்தவரா? உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஈரல்தான் சிதைத்து வெளியேற்றுகிறது. சாராயத்தால் ஈரல் பழுதானால் ஆண் உடம்பிலும் அது கூடி, இந்த நோய்க்கு இடம் கொடுக்கலாம். இன்னொன்று, அப்பாவின் கூடப்பிறந்தவர்கள், அவருடைய அம்மா, சித்தி, பெரியம்மா யாருக்காவது மார்பிலோ கர்ப்பப்பையை ஒட்டிய சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா?

செம்மண் சாலை | மார்ச் 4, காலை 7.15

தங்கச்சி, அவசரப்பட்டு கத்தி வைக்க விட்டுடாதீங்க. எங்க சித்திக்கும் இதே மாதிரி மார்ல கட்டி வந்துச்சு. ஒரு வைத்தியர் பச்சிலை அரைச்சு பத்து போட்டார், நாப்பத்தெட்டு நாள்ல கரைஞ்சுடுச்சு. ஊசி குத்தினாலே பரவிடும்னு பெரியவங்க சொல்வாங்க. எங்க தோட்டத்துல ஆஸ்பத்திரிக்குப் போன ரெண்டு பேருமே திரும்பி வரல. மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

லாபிஸ் அக்கா | மார்ச் 4, காலை 9.02

தம்பி, உங்க மனசு நல்லது, ஆனா நானே சாட்சியா இருக்கேன். எனக்கு 2014ல வந்துச்சு. மூணு இடத்துல ஊசி குத்தினாங்க. இன்னிக்கும் காலையில எந்திரிச்சு இடியப்பம் புழிஞ்சு பாசார்ல கடை போடறேன். ஊசி குத்தினா பரவும்னா நான் இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

எனக்கு வந்தது ஹெர்2 பாசிடிவ். அந்த வகையில செல்லோட மேல்புறத்துல ஹெர்2னு ஒரு புரதம் அளவுக்கு மேல இருக்குமாம், அதனால வேகமா வளருமாம். முதல்ல கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கினாங்க, அப்புறம்தான் ஆபரேஷன். மாமியார் முழுசா எடுத்துடுன்னு ஒரே பிடியா நின்னாங்க. டாக்டர் பொறுமையா உக்காந்து சொன்னார்: கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுத்தாலும், முழுசா எடுத்தாலும், உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் இல்ல, இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2002லயே வெளியிட்டிருக்காங்கன்னு. அதைக் கேட்டுத்தான் நான் கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னேன். பிறகு ஹெர்செப்டின் மருந்து, மூணு வாரத்துக்கு ஒருக்கா, ஒரு வருஷம். அது இருதயத்தைக் கொஞ்சம் பாதிக்கலாம்னு இடையிடையே எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

எங்க ஆஸ்பத்திரிக் கதை இருக்கட்டும். அப்பா எங்க உக்காருவேன்னு கேட்டாரே, அதுதான் எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல. நான் கீமோவுக்குப் போன நாள்ல ஒரு சீனப் பெரியவர் மூலையில உக்காந்திருப்பார். மனைவிக்குத் துணையா வந்திருக்கார்னு நெனச்சேன். நாலாவது தடவைதான் கவனிச்சேன், கையில ஊசி இருந்தது அவருக்கு. என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு இங்க உக்காருங்க அங்கிள்னேன். அன்னிலேர்ந்து கடைசி ஊசி வரைக்கும் அங்கதான் உக்காந்தார்.

மருந்தகத் தம்பி | மார்ச் 4, பிற்பகல் 1.40

செம்மண் அண்ணே, உங்கள் ஊரில் இருவர் திரும்பி வராததற்குக் காரணம் கத்தி என்று நினைக்கிறீர்கள். அவர்கள் எந்த நிலையில் போனார்கள் என்று யாராவது கேட்டார்களா? நோய் ஈரலுக்கும் எலும்புக்கும் போனபிறகு போயிருப்பார்கள், திறந்து பார்த்ததும் மூடியிருப்பார்கள், ஊரில் "கத்தி பட்டதும் பரவிடுச்சு" என்று பேச்சாகியிருக்கும். நம் நாட்டில் 2012 முதல் 2016 வரையான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், மார்பகப் புற்றுநோயில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முற்றிய நிலைகளான மூன்றாம், நான்காம் நிலையில்தான் வந்திருக்கிறார்கள்.

பச்சிலையைப் பற்றி ஒன்று. 2018-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மருத்துவமனைச் சிகிச்சையை ஒதுக்கிவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்ட மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. சித்தியின் கட்டிக்கு பயாப்சி எடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள் அண்ணே. நீர்க்கட்டியாக இருந்தால் அது தானாகவே வற்றியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | மார்ச் 4, மாலை 6.20

தம்பி சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். 2007 முதல் 2011 வரை மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களைப் பின்தொடர்ந்ததில், முதல் நிலையில் வந்தவர்களில் நூற்றுக்கு 87.5 பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள். நான்காம் நிலையில் வந்தவர்களில் 23.3 பேர். அதே நாடு, அதே ஆஸ்பத்திரிகள், அதே மருந்துகள்தான்.

ரெங்கத்துப் பொண்ணு | மார்ச் 6, இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. அப்பா இன்னும் வரல. காலையில காரை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் நின்னேன். கோயிலுக்குப் போறேன்னு சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டார். அம்மா படியில உக்காந்து அழுறாங்க.

பழைய மண்டோர் | மார்ச் 7, அதிகாலை 4.35

தோட்டத்துல விடியக்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எந்திரிச்ச பழக்கம், இந்த நேரத்துக்கே முழிப்பு வந்துடும். மூணு நாளா இந்த இழையைப் படிச்சுட்டு மூடி வெச்சுடறேன். இன்னிக்கு எழுதிடறேன். இதைச் சொல்றது இதுதான் முதல் தடவை, என் கூடப்பிறந்த தம்பிக்கே தெரியாது.

எனக்கு மார்பகப் புற்றுநோய். 2021ல, 58 வயசுல. வலது பக்கம்.

ஊர்ல நெஞ்சுல கட்டி, எடுத்தாச்சுன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். நெஞ்சுன்னா ஆம்பளைக்கு மரியாதை, மார்புன்னா பொம்பளைக்குன்னு நெனச்ச காலம். ஒரு இடத்துல நான் நின்ன கவுண்டர்ல நம்பர் கூப்பிட்டுட்டு, புவான் (அந்தம்மா) எங்கன்னு என் பின்னால பார்த்தாங்க. நான்தான்னு சொன்னப்ப வரிசையே திரும்பிச்சு. அன்னிக்கு எழுந்து வெளிய போயி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டேன். வீட்டுக்காரிதான் பின்னாலேயே ஓடி வந்து, கையைப் பிடிச்சு, ஒரு வார்த்தை பேசாம திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போனா.

ஐயாகிட்ட இதைப் படிச்சுக் காட்டும்மா. ஐயா, ஒங்களுக்கு நேராவே சொல்றேன். மாமோகிராம் மிஷின்ல நம்ம சதையை இழுத்து வெக்கிறது கொஞ்சம் சிரமம், வலிக்கும், ஆனா எறும்புக்கடி பட்ட நமக்கு அது ஒண்ணுமில்ல. ஆபரேஷன்ல எனக்குக் காம்போட முழுசா எடுத்தாங்க. ஆம்பளைக்கு அங்க சதை குறைச்சல்ங்கிறதால பெரும்பாலும் அப்படித்தானாம். மறுநாளே நடந்தேன். கீமோ மூணு வாரத்துக்கு ஒருக்கா. முதல்ல ஏத்தினது செவப்பு மருந்து, ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துடாதீங்க. முடி கொட்டிச்சு, மீசையும் போச்சு. மீசை போனதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது, திரும்பி வந்துடுச்சு. அப்புறம் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியில ரேடியேஷன், 15 நாள், வெள்ளி சனி லீவு. இப்ப தினம் ஒரு மாத்திரை.

எனக்கு யாரும் இதைச் சொல்ல ஆள் இல்ல. அதான் எழுதறேன்.

லாபிஸ் அக்கா | மார்ச் 7, காலை 8.10

அண்ணே, கும்பிடறேன்.

ரெங்கத்துப் பொண்ணு | மார்ச் 9, இரவு 11.12

படிச்சுக் காட்டினேன். டிவியை நிறுத்திட்டுக் கேட்டார். முடிஞ்சதும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னது இது, நான் அப்படியே எழுதறேன்.

"எனக்கு அது என்னன்னு மொத நாளே தெரியும்மா. எங்க அக்காவுக்குப் பார்த்திருக்கேன்."

எனக்கு ஓர் அத்தை இருந்தாங்கன்னு மட்டும்தான் தெரியும், நான் பொறக்கிறதுக்கு முன்னாலேயே போயிட்டாங்க. காய்ச்சல்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. அது காய்ச்சல் இல்லையாம். மார்புல புண்ணாம். லயத்துல ஒரு மூலையில படுக்க வெச்சு, தோட்டத்துல மருந்து கட்டுற டிரஸ்ஸர் வந்து துணி மாத்திட்டுப் போவாராம். நாத்தம் தாங்காம பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அந்தப் பக்கம் வராதுங்களாம். அத்தைக்கு அப்ப 41 வயசு. கடைசி வரைக்கும் துணி துவைச்சது எங்கப்பாதான். அவர் வெட்கப்பட்டு மறைக்கல, மறுபடி அந்த மூலைக்குப் போறோம்னு பயந்துதான் மறைச்சிருக்கார். நான்தான் அவரைத் தப்பா எழுதிட்டேன்.

நேத்து கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் கை வெச்சுப் பார்த்ததும், அக்குள்ளையும் ஒண்ணு இருக்குன்னு சொல்லி அன்னிக்கே சூராட் எழுதிக் கொடுத்தாங்க. குளுவாங் ஆஸ்பத்திரியில வர்ற வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க தெமுஜன்ஜி. சம்சு குடிச்சது உண்மைதான் மிஸ்ஸி, கல்யாணத்துக்கு முன்னால. அம்மா வந்து நிறுத்திட்டாங்க.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | மார்ச் 10, காலை 6.50

அப்பாவிடம் சொல்லுங்கள் தங்கச்சி, அத்தைக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைக்கும். அப்போது அந்தத் தோட்டத்தில் டிரஸ்ஸர் பஞ்சும் மருந்துத் தண்ணீரும் வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்?

அத்தையின் கதையைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது சோகக் கதையாக மட்டும் இருந்துவிடக் கூடாது, மருத்துவக் குறிப்பில் ஏற வேண்டும். காரணத்தை முடிவு வந்தபிறகு எழுதுகிறேன்.

ரெங்கத்துப் பொண்ணு | மார்ச் 31, மாலை 5.30

முடிவு வந்துடுச்சு. புற்றுநோய்தான். கட்டி 2.6 சென்டிமீட்டர். அக்குள்ல இருந்த முடிச்சுலயும் ஊசி குத்தினாங்க, அதுலயும் இருக்கு. ஈஆர் பாசிடிவ், பிஆர் பாசிடிவ், ஹெர்2 நெகடிவ்னு போட்டிருக்கு. நெஞ்சு, வயிறு சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் எடுத்தாங்க, வேற எங்கயும் இல்ல. நிலை 2பின்னு சொன்னாங்க. ஆபரேஷன் ஏப்ரல் நடுவுல. டாக்டர் நல்லா விளக்கினாங்க, ஆனா எனக்குக் காதுல ஒண்ணும் ஏறல. இதெல்லாம் என்னன்னு யாராவது சொல்லுங்க.

மருந்தகத் தம்பி | மார்ச் 31, இரவு 8.15

அக்கா, நான் சொல்கிறேன். ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பிஆர் என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி, இரண்டுமே ஹார்மோன் ஏற்பிகள். அப்பாவுக்குப் புரியும்படி செம்பனைக் கணக்கில் சொல்வதென்றால், இந்த வகைப் புற்றுச் செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் உரம். ஏற்பி என்பது அந்த உரத்தை உறிஞ்சும் வேர். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது இந்த வகைதான், பெண்களிலும் இதுதான் அதிகம். இதற்கு மாத்திரை இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

டமொக்சிஃபென், 20 மில்லிகிராம், தினம் ஒன்று. 1977-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. அது போய் வேரின் வாயை அடைத்துக்கொள்ளும், உரம் உள்ளே போகாது. ஐந்து வருடம் சாப்பிட வேண்டும், சிலருக்குப் பத்து வருடம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற இன்னொரு வகை கொடுப்பார்கள். அவர்கள் உடம்பில் கொழுப்புத் திசுவில் உரம் தயாராவதையே அது குறைக்கும். ஆண் உடம்பில் விதைப்பையும் ஈஸ்ட்ரோஜன் செய்வதால் அந்த வகையைத் தனியாகக் கொடுப்பதில்லை. யாராவது "எங்க அம்மாவுக்கு வேற மாத்திரை கொடுத்தாங்களே" என்று கேட்டால் குழம்ப வேண்டாம்.

மூன்றுமே நெகடிவ் என்று வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையும் ஹெர்செப்டினும் வேலை செய்யாது, அங்கே கீமோதான் முதுகெலும்பு. சிலருக்கு இப்போது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

டமொக்சிஃபெனில் ஒன்றைக் கவனியுங்கள்: காலில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. பெண்கள் இந்த மாத்திரை சாப்பிடும்போது மாதவிடாய் நின்றபிறகு ரத்தம் பட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், கர்ப்பப்பை உட்சுவரை அது பாதிக்கக்கூடும்.

பழைய மண்டோர் | ஏப்ரல் 1, அதிகாலை 4.50

மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா திடீர்னு உடம்பு காயும். ஃபேன் கீழ உக்காந்திருக்கிறப்பவே கழுத்து வழியா வேர்வை ஊத்தும். என் வீட்டுக்காரி அம்பது வயசுல இதைத்தான் பட்டா, அப்ப நான் கண்டுக்கல. இப்ப ராத்திரி ஈரத் துண்டு எடுத்துக் கொடுக்கிறது அவதான். ஆசை குறையும், அதையும் சொல்லிடறேன். அதுக்காகச் சொல்லாம கொள்ளாம மாத்திரையை நிறுத்திடுற ஆம்பளைங்க இருக்காங்களாம். டாக்டர்கிட்ட சொன்னா வழி சொல்வாங்க, நிறுத்த மட்டும் கூடாது.

லாபிஸ் அக்கா | ஏப்ரல் 1, காலை 10.20

கீமோ வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுக்கம்மா. 38 டிகிரி தாண்டுச்சுன்னா பனடோல் போட்டுட்டுப் படுக்கவே கூடாது, நடுராத்திரின்னாலும் எமர்ஜென்சிக்குப் போகணும். வெள்ளை அணு எறங்கியிருக்கிற நேரத்துல சாதாரண காய்ச்சலே ஆளைத் தூக்கிடும். எனக்கு ரெண்டாவது கீமோவுல ஆச்சு. என் மகன் பேச்சைக் கேட்டுக் காலையில போயிக்கலாம்னு படுத்திருந்தா கதை வேற.

செலவுக்கு: அப்பா பெயர் எஸ்டிஆர்ங்கிற அரசாங்க உதவிப்பணப் பட்டியல்ல இருந்தா பெக்கா பி40ங்கிற சுகாதாரத் திட்டத்துல கேளுங்க. 40 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 2019லேர்ந்து இருக்கிற திட்டம். புற்றுநோய் சிகிச்சையை முழுசா முடிக்கிறவங்களுக்கு 1,000 வெள்ளி வரைக்கும், போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் உதவி உண்டு. ஆஸ்பத்திரியிலேயே ஃபாரம் விஷயம் கேக்கலாம். ஈபிஎஃப் சேமநிதியில பணம் இருந்தா மருத்துவத்துக்கு எடுக்கவும் வழி இருக்கு.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | ஏப்ரல் 2, இரவு 9.40

தங்கச்சி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும்.

அப்பாவுக்கு ஆணாக இருந்தும் வந்திருக்கிறது. அவர் அக்காவுக்கு 41 வயதில் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம் இருக்குமோ என்று கேட்க வேண்டிய நிலை. 1990-இல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான இடம் 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். அந்த மரபணுதான் பிஆர்சிஏ1. இன்னொன்று பிஆர்சிஏ2, 13-ஆம் குரோமோசோமில். ஆண்களுக்கு வருவதில் அதிகம் சம்பந்தப்படுவது இந்த இரண்டாவது. நம் செல்லில் டிஎன்ஏ முறிந்தால் அதைச் சரிசெய்யும் வேலை இவற்றுடையது. அது பிறவியிலேயே கெட்டிருந்தால் பழுது சேர்ந்துகொண்டே போகும்.

பெண்கள் வியாதி என்பதால் அம்மா வழியில்தான் வரும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். டாக்டர் கேட்டாலும் அம்மா பக்கத்தை மட்டும் சொல்வார்கள். அது தவறு. அப்பாவிடம் அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, மகனோ மகளோ. மகளுக்கு வந்தால் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல். சினைப்பையிலும் ஆபத்து கூடும். அது பிஆர்சிஏ2 என்றால் மகனுக்கு மார்பில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு ஏழு, சுக்கிலச் சுரப்பியிலும் (பிராஸ்டேட்) கூடும்.

எல்லாருக்கும் இருக்கும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய் பரம்பரையில் வருவதே இல்லை. ஆனால் ஆண் நோயாளி என்றாலே மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும் என்பது நடைமுறை. முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் அப்பா. அவரிடம் இல்லை என்றால் உங்களுக்குப் பெரிய பாரம் குறையும். இருந்தால் உங்களுக்கும் அண்ணன் தம்பிக்கும் வழி இருக்கிறது: பெண்களுக்கு இளவயதிலிருந்தே எம்ஆர்ஐ, மாமோகிராம் என்று கண்காணிப்பு, ஆண்களுக்கு டாக்டர் சொல்லும் பரிசோதனை. டாக்டரிடம் மரபணு ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு என்ன வயது?

ரெங்கத்துப் பொண்ணு | ஏப்ரல் 2, இரவு 11.58

31. ஒரு பொண்ணு இருக்கா, நாலு வயசு.

அப்பாவுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | ஏப்ரல் 3, அதிகாலை 12.10

தெரியும்மா. தூங்குங்கள். இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

செம்மண் சாலை | ஏப்ரல் 5, மாலை 7.45

மருந்தகத் தம்பி கேட்ட மாதிரி சித்தி மகன்கிட்ட விசாரிச்சேன். பயாப்சி எடுக்கவே இல்ல. ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு முன்னாலேயே சொல்லியிருக்காங்க, அதை வீட்டுல யாரும் எங்ககிட்ட சொல்லல. தெரியாம நான் இதையே நிறைய பேருக்குச் சொல்லியிருக்கேன். அதுல ஒருத்தங்க எங்க தெருவுலயே இருக்காங்க, கட்டி இன்னும் இருக்கு. நேத்து அவங்க வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வந்தேன். திங்கக்கிழமை நானே கிளினிக்குக்கு ஏத்திக்கிட்டுப் போறேன்.

ரெங்கத்துப் பொண்ணு | ஏப்ரல் 19, மாலை 4.05

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இடது பக்கம் முழுசா எடுத்தாங்க, அக்குள் முடிச்சுகளையும் எடுத்துட்டாங்க. காயம் ஆறினதும் கீமோ, அப்புறம் ரேடியேஷன், பிறகு மாத்திரைன்னு வரிசை போட்டுக் கொடுத்திருக்காங்க. அத்தை கதையை டாக்டர்கிட்ட அப்பாவே சொன்னார். வயசு, எந்தப் பக்கம், எத்தனை மாசம் படுத்திருந்தாங்கன்னு எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கார். மரபணு ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்தாங்க. ரத்தம் கொடுப்பியாப்பான்னு கேட்டேன். "பேத்திக்குத்தானே, எடுத்துக்கச் சொல்லு"ன்னார்.

ஒரு கேள்வி, இது அப்பா சொல்லி நான் டைப் பண்றது. மண்டோர் ஐயாவுக்கு: "டியூபும் போத்தலும் தொங்குது. எந்தப் பக்கமாப் படுக்கிறது? கையை எப்ப தூக்கலாம்?"

பழைய மண்டோர் | ஏப்ரல் 20, அதிகாலை 4.28

ஐயா, மல்லாக்கப் படுங்க, இல்லாட்டி ஆபரேஷன் பண்ணாத பக்கமா ஒருக்களிச்சு. இடது கைக்கு அடியில ஒரு தலகாணி வெச்சு கொஞ்சம் ஒசத்திக்குங்க. டியூபை ஊக்கு போட்டு பனியனோட சேர்த்துக் குத்திக்குங்க, டியூபுல குத்திடாதீங்க, ஒரு பிளாஸ்திரி வளையம் பண்ணி அதுல குத்தணும். போத்தலை எப்பவும் காயத்துக்குக் கீழ வெச்சிருக்கணும். தினம் எவ்வளவு வடியுதுன்னு ஒரு சிட்டையில எழுதி வைங்க, கிராணி பால் எடை எழுதற மாதிரி. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ வந்தா கழட்டுவாங்கன்னு எனக்குச் சொன்னாங்க.

கையைச் சும்மா வெச்சிருக்காதீங்க, தோள் இறுகிடும். விரலை மடக்கி நீட்டுறது, முழங்கையை மடக்குறது இப்பவே செய்யலாம். தலைக்கு மேல தூக்குறது டியூப் எடுத்தப்புறம், பிசியோ சொல்ற மாதிரி. அக்குள் முடிச்சு எடுத்த கை வீங்க வாய்ப்பு இருக்கு, அதனால அந்தக் கையில வெட்டுக்காயம், பூச்சிக்கடி படாமப் பார்த்துக்குங்க. கனமே தூக்கக் கூடாதுன்னு பயமுறுத்துவாங்க, அப்படி இல்ல, மெல்ல மெல்லப் பழக்கணும். நான் ஆறு மாசத்துல சைக்கிள் ஓட்டினேன்.

கீமோ முதல் நாள் எப்பன்னு தேதி சொல்லுங்க. அன்னிக்கு நானும் பஸ் ஏறி வரேன். பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கறேன்.